ஒன்பதாவது குமிழ்

என் கொழுந்தனை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறிவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் பல் டாக்டர். வீட்டுக் கூடத்தில் ஐந்தடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் நடுவில் ஓர் ஊதாப் பவளம், மான்கொம்பு மாதிரி கிளை விட்டது. வாங்கும்போது சுண்டுவிரல் நுனியளவு இருந்தது, பத்து வருடத்தில் சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிட்டது. மகாராணி என்று கூப்பிடுவோம். "உனக்கு மொத்தம் மூணு பிள்ளைங்க, அதுல செல்லம் அவதான்" என்பார் என் கணவர். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அவருடைய தம்பிக்கும் இதே பைத்தியம்தான். என்னுடையதைவிடப் பெரிய தொட்டி, பதினைந்து வருட அனுபவம். ஆனால் அவனிடம் மகாராணி இல்லை. ஒரு துண்டு கொடுங்கள் என்று நாலைந்து முறை கேட்டான். "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்று நானும் நாலைந்து முறை சொன்னேன். அதை அவன் மனதிலேயே வைத்துக்கொண்டான்.

என் பிறந்த நாளுக்குப் பவளம் ஒட்டிய பாறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு வாரத்தில் அந்தப் பாறையில் பச்சைக் குமிழ்கள் முளைத்தன. பட்டாணி அளவில், பளபளவென்று. குமிழ்ப்பாசி என்பார்கள். என் தொட்டிக்கு அதுவரை வந்ததில்லை, அதனால் அதைப் பற்றி நான் படித்ததுமில்லை. அவனுக்கு வீடியோவில் காட்டினேன்.

"இதுவா அண்ணி? ஒண்ணுமில்ல. குத்தி விடுங்க, சுருங்கிடும்."

"தண்ணிக்குள்ளயேவா?"

"தண்ணிக்குள்ளயேதான். நீங்க பாக்காத வீக்கமா?"

வீங்கினால் குத்தி வடித்துவிடு என்று பழகிய கை என்னுடையது. கிளினிக்கிலிருந்து கூரான கருவி ஒன்றை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். சுகமாகக்கூட இருந்தது. குமிழ்ப்பாசியைத் தண்ணீருக்குள் உடைக்கவே கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் விதை, உடைத்தால் தொட்டி முழுக்க விதைத்த மாதிரி என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த வேலையில் அதுதான் அரிச்சுவடி. பதினைந்து வருடக்காரனுக்கு அது தெரியாதா?

மூன்றே மாதத்தில் எல்லாப் பாறையிலும் குமிழ். மகாராணியின் அடிக்கிளைகளுக்கு நடுவிலும் புகுந்து நெருக்கியது. அந்தச் சமயம் பார்த்துக் குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில் அவன் சொன்னான், "அண்ணி இப்ப மீன் வளர்க்கறதில்ல. பட்டாணி சாகுபடி பண்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"குத்தச் சொன்னது நீங்கதானே தம்பி?"

"தமாஷுக்குச் சொன்னேன் அண்ணி. நீங்க நிஜமாவே குத்துவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மறுபடியும் சிரிப்பு. என் கணவரும் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் காபியை அவரேதான் போட்டுக் குடித்தார்.

தொட்டியைச் சுத்தம் செய்ய எட்டு மாதம் ஆயிற்று. மீன்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்தேன். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினேன். பாசி தின்னும் நண்டுகள் இரண்டை வாங்கி விட்டேன். பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, குமிழ் உடையாமல் அடியோடு நெம்பி எடுத்தேன். யாருடைய பல்லையும் அத்தனை பொறுமையாகச் சுத்தம் செய்ததில்லை. ஒவ்வொரு குமிழிலும் அவன் முகம்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன், இரண்டைத் தவிர. அந்த இரண்டையும் கடல்நீர் ஊற்றிய ஜாடியில், ஜன்னலோரம் வைத்து வளர்த்தேன்.

பவளம் வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆசையாக வளர்த்ததில் ஒரு துண்டை வெட்டி இன்னொருவர் தொட்டியில் கொடுத்து வைப்பார்கள். நம் தொட்டி அழிந்துபோனால் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கொழுந்தனுக்குப் போன் செய்து, "மகாராணில ஒரு துண்டு உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"நிஜமாவா அண்ணி?" இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் அவன் மகளுக்குப் பிறந்த நாள். இரண்டு நாள் குடும்பத்தோடு அங்கே தங்குவதாக ஏற்பாடு. புறப்படும் காலையில் தொட்டியின் பம்புகளை நிறுத்தினேன். தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் கிளையை ஒழுங்காக வெட்ட முடியும். விரல் நீளத்துக்கு வெட்டி, காசு மாதிரி வட்டமான ஒரு கல் வில்லையில் ஒட்டினேன். வில்லையின் அடியில் முன்பே டிரில்லால் குழி குடைந்து வைத்திருந்தேன். இரண்டு குமிழையும் அதற்குள் வைத்து, மேலே பவளத் தூளைத் தளர்வாக அடைத்தேன். ஓட்டை அடைத்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

அவன் லென்ஸ் வைத்துத்தான் பார்த்தான். "சுத்தமா இருக்கு அண்ணி" என்றான். அந்த இரண்டு நாளும் சாப்பாடு எனக்கு அப்படி ருசித்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம். பம்புகள் ஓடவில்லை. நான்தான் மறுபடி போடவில்லை. பழி வாங்கப் போகிற குஷியில் துண்டை டப்பாவில் வைத்து மூடியவள், சுவிட்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருக்கிறேன். அசையாத தண்ணீரில் மூச்சுத் திணறி மீன்கள் செத்து மிதந்தன. மகாராணி வெளுத்து, தோல் நூல் நூலாக உரிந்து கிடந்தாள். தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

மகாராணி என்று இனி மிச்சமிருப்பது அவனிடம் இருக்கும் அந்தத் துண்டு மட்டும்தான். அதன் அடியில் நான் வைத்த விஷம்.

உடனே வாங்கி வரவும் வழியில்லை. தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அது பக்குவப்பட நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதமும் போனை எடுத்தால், "அடியில பாருங்க தம்பி" என்று நாக்கு நுனி வரை வரும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே. வந்ததை விழுங்கிவிடுவேன்.

கடைசியில் போய் நின்றேன். அவன் தொட்டி முழுக்கப் பச்சை. பாறை, கண்ணாடி, குழாய் எங்கும் குமிழ். மேலே தனியாக ஒரு சின்னப் பெட்டி கட்டி, அதற்குள் மகாராணியை வைத்திருந்தான். நாலு கிளை விட்டிருந்தாள். அடியைச் சுற்றிக் குமிழ்கள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான். கண் கலங்கியிருந்தது. "என் தொட்டியில பழைய குமிழ் எங்கயோ ஒளிஞ்சிருந்திருக்கு. நீங்க சுத்தமாக் குடுத்ததை நான் கெடுத்துட்டேன். இவளை மட்டும் தினமும் பிரஷ் போட்டுப் பாத்துக்கிட்டேன்."

நான் காத்திருந்தேன். அன்றைக்குக் குத்தச் சொன்னதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை வரும் என்று. வரவில்லை. அதை அவன் மறந்தே போயிருந்தான். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறான், தான் செய்ததற்குக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் நானும் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

"பரவாயில்ல தம்பி" என்றேன்.

மகாராணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு கிண்ணத்தில் வைத்து, இடுக்கியால் குமிழ்களை எடுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. மொத்தம் ஒன்பது. எட்டைப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டேன். ஒன்பதாவது, பாவி, அழகாக வேறு இருந்தது. பழைய ஜாடியைக் கழுவிக் கடல்நீர் ஊற்றி, அதில் விட்டு ஜன்னலோரம் வைத்தேன்.

கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். "இது எதுக்கு?"

"உங்க தம்பி தொட்டியும் ஒருநாள் சுத்தமாகும்ல."

அவர் சிரிக்கவில்லை. ஜாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "பம்பு ஓடுதான்னு பாத்தியா?" என்று கேட்டார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.