தண்ணீர் குடிக்காத டிரைவர்

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வழியில் ஒதுங்க இடமும் கிடையாது, நேரமும் கிடையாது என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நம் டிரைவரும் இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓட்டினார். வாரத்தில் நான்கு நாள் வறுத்த ஈரல், சனிக்கிழமை பீர் வேறு. கேட்க வேண்டுமா? ஒரு நாள் கால் கட்டைவிரல் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து வீங்கிவிட்டது.

“யூரிக் அமிலம் ஏறி மூட்டுல படிஞ்சிருக்கு. ஈரலும் பீரும் வேண்டாம். எடையைக் குறைங்க, தண்ணி நிறைய குடிங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார் டாக்டர்.

மனுஷன் வாயைக் கட்டினார். நான்கு மாதம் விரல் வாலாட்டவில்லை. எல்லாம் மகளுக்காக. கடல் தாண்டிப் போய் நான்கு வருடமாயிற்று. வேலை விஷயமாக இந்தப் பக்கம் வருகிறாள். அவள் ரயில் இங்கே பன்னிரண்டு நிமிடம் நிற்கும். அவ்வளவுதான். போனில் தினமும் முகத்தைப் பார்க்கலாம், தலையைத் தடவ முடியுமா? அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் அவர் ஏங்கிக் கிடந்தார்.

அவள் வரும் அன்றைக்கு லீவு கிடைக்க, முந்தின நாள் இன்னொருவர் டூட்டியையும் சேர்த்து ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. காலையில் போர்வை நுனி பட்டாலே உயிர் போனது.

“கொடுத்தனுப்பின தண்ணி அப்படியே இருக்கு! உங்களைத் திருத்த ஆண்டவனாலயும் ஆகாது” என்று பொரிந்தாள் மனைவி. ஆனாலும் ஐஸைத் துணியில் சுற்றி விரலில் வைத்தாள்.

எழுந்து நின்றார். இரண்டடி வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீ போ. கால் விஷயத்தைச் சொல்லிடாதே. பாவம், வழியெல்லாம் அழுதுக்கிட்டே போவா.”

ஸ்டேஷனிலிருந்து மனைவியின் போனில் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, எங்கப்பா இருக்கீங்க?”

“டூட்டிம்மா. கடைசி நேரத்துல போட்டுட்டாங்க.”

மகள் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு.

“விடுங்கப்பா. ஸ்கூல்ல பரிசு வாங்கினப்பவும் டூட்டி, நான் பிளேன் ஏறினப்பவும் டூட்டி. நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல.”

ஐயோ, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுப்பதற்குள் அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள்; ரயில் கிளம்பிவிட்டது.