ஆயுசுக்கும் ஒரு ஊசி

கோழிக்கு ஆயுசுக்கும் ஒரு ஊசி போதும், அதனால் நாய்க்கும் ஒன்று போதும் என்று முடிவு கட்டியவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. யாரையும் கேட்டு முடிவு கட்டவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக் கொடுத்தார். இப்போது சொல்லும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற ரோட்டில், கிணற்று மேட்டை ஒட்டி எங்கள் கோழிப்பண்ணை. கிணற்றில் தண்ணீர் கீழே போய், வெள்ளாமையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஆனபிறகு கோழிக்கு இரண்டு செட் போட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். குஞ்சாக இருக்கும்போது கண்ணில் சொட்டு மருந்து விடுவார். எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு றெக்கையில் ஒரு ஊசி. அத்தோடு சரி. அந்தக் கோழி முட்டையிட்டு ஓய்ந்து கறிக்கடைக்குப் போகும்வரை கழிச்சல் அண்டாது. பிளாஸ்கில் ஐஸ் போட்டு மருந்தை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் அவரே போய்ப் போட்டுவிடுவார். ஊசி நாச்சிமுத்து என்றால்தான் ஊரில் தெரியும். அந்தப் பேர் அவர் தலைக்கு ஏறிப்போயிற்று.

செவலை எங்கள் வீட்டு நாய். எழுபத்தொன்பதில் குட்டியாக வந்தபோது மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். "இனிக் கவலையில்லீங்க" என்று கம்பவுண்டர் சொன்னாராம். எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவர் தொங்கினார்.

அடுத்த வருசம் மாட்டு டாக்டர் கைலாசம் பண்ணைக்கு வந்தவர், "நாய்க்கு இந்த வருச ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

"வருசா வருசமா?" இவர் டாக்டர் முகத்துக்கு நேராகவே சிரித்தார். "கம்பெனிக்காரன் புட்டி விக்கோணும்ல! எங்கோழிக்கு நான் ஒரு ஊசிதான் போடறனுங்க. ஒண்ணாச்சும் சாவுதான்னு பாருங்க."

"அது வேற மருந்து, இது வேற மருந்துங்க. நாய்க்கு ஒரு வருசத்துக்கு மேல இதோட சக்தி நிக்கும்னு நம்ப முடியாது."

"ஊசின்னா ஊசிதானுங்க" என்று இவர் பேச்சை முடித்துவிட்டார். டாக்டர் போனபிறகு நான் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க, கோழி ஒண்ணர வருசத்துல கறிக்கடைக்குப் போயிருது. நாயி பத்து வருசம் இருக்குது. ரண்டுக்கும் ஒரே கணக்கா?"

"நீ எந்தக் காலேசுல படிச்ச?"

"நீங்க எந்தக் காலேசுல படிச்சீங்க?"

அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் செவலைக்கு ஊசி போடவில்லை. அடுத்த வருசமும் போடவில்லை, அதற்கடுத்த வருசமும் இல்லை. ஊர்க்காரர்கள் வேறு, "எங்க நாய்க்குப் போன வருசம் போட்டதுங்க, மறுக்காப் போடோணுங்களா?" என்று இவரிடம் வந்து கேட்பார்கள். "அட போப்பா, ஒண்ணே போதும்" என்று அனுப்பி வைப்பார். டாக்டர் சொல்வதைவிட ஊசி நாச்சிமுத்து சொல்வதுதான் எங்கள் ஊரில் எடுபட்டது.

எண்பத்துமூன்று பங்குனியில் எங்கிருந்தோ ஒரு வெறிநாய் ஊருக்குள் வந்தது. இரண்டு ஆட்டைக் கடித்து, பண்ணைக்குள் புகுந்து செவலையின் காதைக் கிழித்துவிட்டுப் போனது. ரோட்டோரத்தில் வைத்து ஆட்கள் அதை அடித்துக் கொன்றார்கள். நான் செவலையைச் சங்கிலி போட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டு டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன்.

"எதுக்கு இந்தக் கூத்து? அது ஊசி போட்ட நாயி" என்றார் இவர்.

"போட்டு நாலு வருசமாச்சுங்க."

"போட்டது போட்டதுதான்."

டாக்டர் வந்தார். வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி, அது பூனை பிறாண்டின காயம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார் இந்த மனுசன். சமையலறையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் டாக்டரின் வண்டி ரோட்டில் ஏறிவிட்டது. பொய் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அவர் முகத்தில் இல்லை. நான் கத்திய கத்து பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும். நான் கட்டக் கட்ட அவர் அவிழ்த்துவிட்டார். மரநாய் வந்து கோழியைத் தூக்கினால் நீயா காவல் இருப்பாய் என்றார்.

வைகாசியில் என் தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம். பரமத்தி வேலூருக்குப் போனேன். திரும்பி வரும்போது பண்ணையில் செவலை இல்லை.

"செத்துப்போச்சு. தொண்டைல எலும்பு சிக்கிக்கிச்சு" என்றார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்ததாகச் சொன்னார். வேட்டியை வழக்கத்தைவிடக் கீழே, தளர்த்திக் கட்டியிருந்தார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். தினமும் விடிந்ததும் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு மக்காச்சோளம் பார்க்கப் போகிறேன் என்று டவுனுக்குக் கிளம்பினார். ஒரு மூட்டை மக்காச்சோளமும் வந்து சேரவில்லை.

நான் வந்த மூன்றாம் நாள் சாயந்திரம்தான் முட்டை பொறுக்குகிற அத்தாயியைப் பார்த்தேன். பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களிடம் வேலை செய்கிறவள். கோழிகளோடு ஓயாமல் பேசுவாள், முட்டையிடாத கோழியைப் பேர் வைத்துத் திட்டுவாள், உடைந்த முட்டையையெல்லாம் செவலைக்கு ஊற்றுவாள். என் வீட்டுக்காரரைப் பண்ணாடி என்றுதான் சொல்லுவாள். எங்களைவிட அவளிடம்தான் அந்த நாய்க்கு ஒட்டுதல் அதிகம். அவள் வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன புள்ள?"

"செவலை பல்லு பட்டுருச்சுங்க." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதுக்கு வாயி சரியா மூட முடியலீங்க. நாக்குத் தொங்கிப்போயி எச்சி ஒழுவுது. எலும்பு சிக்கியிருக்குது, நீ வாயப் புடி, உங்கிட்டத்தான் சும்மா இருக்கும்னு பண்ணாடி சொன்னாங்க. நான் ரண்டு கையிலயும் வாயப் பொளந்து புடிச்சனுங்க. பண்ணாடி கைய உட்டுப் பாத்தாங்க. எலும்பே இல்லீங்க. நான் கைய உருவறப்ப வெடுக்குனு என்ற வெரலக் கடிச்சுப்போடுச்சு."

கோழி வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் அலகைப் பிளந்து உள்ளே பார்ப்பது இவர் வழக்கம். அதையே நாய்க்கும் செய்திருக்கிறார். தாடை தொங்கிப்போய் எச்சில் ஒழுகுகிற நாயின் வாயில் கையை விட்டிருக்கிறார், இவளையும் விட வைத்திருக்கிறார்.

"எப்ப இது? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போன வாரமுங்க. நானுங் கேட்டனுங்க. ஊசி போட்ட நாயி, உனக்கெதுக்குத் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி, பேசாம வேலயப் பாருன்னு பண்ணாடி சொல்லிப்போட்டாங்க. ஊசியப் பத்தி அவிங்களுக்குத் தெரியாததுங்களா?"

மறுநாள் காலையில் அவளையும் அவள் புருசன் கருப்பண்ணனையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன். இவர் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்குத் தனி அறை. வாசலில் சனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தாயிதான் முதலில் உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"உள்ள பண்ணாடி இருக்கறாங்க. அவிங்க முடிச்சுட்டு வரட்டுங்க" என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் மல்லாக்கப் படுத்துச் சட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். தொப்புளைச் சுற்றி வயிறு முழுக்கத் தடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு நாள் ஊசி. மக்காச்சோளம் பார்க்கப் போன லட்சணம் வயிற்றில் வரிசையாகத் தெரிந்தது.

எனக்குப் பேச்சு வந்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் நாய் கடித்த வலி மறந்து போகிற மாதிரி வந்தது. கல்யாணமானதிலிருந்து எவ்வளவு சண்டை போட்டாலும் அவரை மரியாதை குறைத்துப் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் எழுந்து வந்து, "யாரும்மா நீங்க? இந்தம்மா யாரு?" என்று கேட்டார்.

"இவர் நாய் வாயில கைய உட்டப்ப வாயப் புடிச்சுட்டு நின்னவ. கடி பட்டவ."

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வேற யாரையும் கடிக்கல, யாரும் தொடலைன்னு சொன்னீங்களே?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் போடுவது அவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தாயிக்கு ஊசி போட்டார்கள். நான் வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றவரைப் பிடித்தேன்.

"நாய் ஊசி போட்ட நாயின்னா நீங்க எதுக்குப் போட்டுக்கறீங்க?"

"ஒரு சந்தேகத்துக்குத்தான்."

"அவளுக்கு?"

"மெதுவாப் பேசு." சுற்றுமுற்றும் பார்த்தார். "அவளுக்குப் போட்டா ஊருக்கே தெரிஞ்சு போயிரும்ல. ஊர்ல இருக்கற நாய்க்கெல்லாம் ஒண்ணு போதும்னு நாந்தான சொல்லியிருக்கறன். அப்பறம் எவன் என்னைய மதிப்பான்?"

இதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்தால் ஊசி. அத்தாயிக்குச் சந்தேகம் வந்தால் பேசாமல் வேலையைப் பார்க்க வேண்டும். நாய் செத்த மறுநாளே அவர் வந்து பெஞ்சில் படுத்துவிட்டார். அவள் அதே நாளில், அதே கையோடு, அவர் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தால் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடாமல் நானே அவளைக் கூட்டிப்போனேன். "வவுறு கல்லாட்டம் ஆயிப்போச்சுங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். ஊசி எல்லாம் முடிந்தது. கோழிகளைத் திட்டிக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தாள். தப்பித்தாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆடி நோன்பு முடிந்த வாரத்தில், கடிபட்ட கை மதமதவென்று இருக்கிறது என்றாள். அடுத்த நாள் தண்ணீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டாள். தாகம் எடுக்கிறது, ஆனால் குடிக்க முடியவில்லை என்று கருப்பண்ணனிடம் அழுதிருக்கிறாள். சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஊசியை லேட்டாக ஆரம்பித்தது, அதிலும் விரலில் பட்ட ஆழமான கடி என்றார்கள். அங்கேதான் செத்துப் போனாள். எப்படிச் செத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அதைப் பார்த்த கருப்பண்ணன் அதற்குப் பிறகு யாரிடமும் நிமிர்ந்து பேசினதில்லை.

எழவு வீட்டில் இவர் அழுதார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். பால் சொசைட்டியில் சொன்னேன், ரேசன் கடையில் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன். ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அவள் விதி என்றார்கள். ஊசி போட்டுமே செத்துப்போனாளே, இவர் என்ன பண்ணுவார் என்றார்கள். அடுத்த வாரம் கோழிக்கு ஊசி போட மறுபடி இவரைத்தான் கூப்பிட்டார்கள். குற்றம் அவர்மேல் ஒட்டவே இல்லை. நாளாக ஆக, வெறிநாய் வாயிலிருந்து தப்பி வந்தவர் என்று அவருக்குப் புதுசாக ஒரு மரியாதையும் சேர்ந்துகொண்டது.

மறு வருசம் ஊரில் நாய்களுக்கு ஊசி போடும் முகாம் வைத்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல், மைக், கயிற்றில் கட்டின நாய்கள், அவற்றின் சத்தம். டாக்டர் கைலாசம் வந்திருந்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "ஏனுங்க டாக்டரு, மூணு வருசத்துக்கு ஒருக்காப் போதும்ங்கறாங்களே?" என்று கேட்டார்.

"சீமை மருந்து சிலதுக்கு அப்படியும் சொல்றாங்க, அதுல ஆளுக்கொரு பேச்சு இருக்கு" என்றார் டாக்டர். "தெருநாய் இத்தனை சுத்தற ஊர்ல அந்த வாதத்தை நம்பி உக்கார முடியாதுங்க. வருசா வருசம் போட்டுருங்க."

பெரியவர் அதில் சமாதானமாகவில்லை. திரும்பி, முன்வரிசை நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நாச்சிமுத்து, நீ என்ன சொல்ற?"

இவர் எழுந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு மைக்கைக் கையில் வாங்கினார். "டாக்டரு சொல்றதுதான் சரி. வருசா வருசம் போடோணும். இது நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதில்ல. எங்கூட்டு அனுபவத்துல சொல்றன்" என்றார். கூட்டம் கை தட்டியது. கருப்பண்ணன் கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

நான் பொம்பளைகள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"என்ன அனுபவமுங்க?" என்று கேட்டேன். "யாருக்கு வந்த அனுபவம்? மைக்குலயே பேரச் சொல்லுங்க."

கை தட்டல் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார் உட்கார் என்று இழுத்தாள். அவர் மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு நின்றார். மூச்சு விடுகிற சத்தம் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது.

"அத்தாயி" என்று நானே சொன்னேன்.