வாசலுக்கு உள்ளே

இரண்டாவது கரண்டிப் பாலையும் மணவாளன் மகனின் வாயில் ஊற்றினார். முதல் கரண்டி கடைவாய் வழியாக வழிந்து காதோரம் தேங்கியிருந்தது. அதை மேல்துண்டால் ஒற்றி எடுத்தார். இரண்டாவதும் அதே வழியில் வழிவதைப் பார்த்துக்கொண்டே, கூடத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எறங்கிடுச்சி."

பிறகு ஸ்ரீகாந்தின் இமைகளை உள்ளங்கையால் மூடினார்.

"போயிட்டான். என் மடியிலதான் போனான்."

பெண்கள் அழத் தொடங்கினார்கள். பேத்தி ஸ்வேதா அப்பாவின் காலருகில் போய் விழுந்தாள். மணவாளன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். அங்கே சூப்பர்வைசர் வினோத் கைகட்டி நின்றிருந்தான். அவன் தலை குனிந்துகொண்டான்.

சற்று முன்புதான் அவன் காரில் வந்திருந்தான். ஸ்ரீகாந்த் லாரி ஓட்டிய கம்பெனியின் வெள்ளைக் கார். பின்சீட்டில் இரண்டு ஆட்களுக்கு நடுவே ஸ்ரீகாந்த் உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் ஒருவன் தோளில் சாய்ந்திருந்தது.

"ஒரகடத்துல லோடு எறக்க வரிசைல நிக்கும்போது மயக்கமாயிட்டாருங்க ஐயா. மூச்சு கீது. வூட்டுக்குப் போவணும்னு சொன்னாரு."

மணவாளன் காருக்குள் கைவிட்டு மகனின் கழுத்தைத் தொட்டார். மார்கழி விடியலில் அடிபம்பைத் தொட்டது போல இருந்தது. கையை எடுக்காமல் வினோத்தைப் பார்த்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த நிலைப்படியைப் பார்த்தான்.

"நான் பக்கத்து ராஜகுளம்தாங்க ஐயா. முறையெல்லாம் எனக்கும் தெரியும். தெருவுல எறக்கினா உங்க குடும்பத்துக்கு நல்லாவா இருக்கும்? உள்ள கொண்டு போயிடலாம்."

வெளியில் உயிர் விட்டவனின் உடல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த ஊர் முறை. தெருவிலேயே பந்தல் போட்டு, தெருவிலேயே குளிப்பாட்டி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோனால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அந்த முறையை ஊரில் காத்து நின்றவர் மணவாளன்தான். கோயில் தேருக்கு முதலில் வடம் தொடுகிற குடும்பம். ஊர்க்காரன் ஏழுமலையின் தம்பி பெங்களூரில் சாரம் சரிந்து செத்துப் பெட்டியில் வந்தபோது, ஒரு நொடி உள்ளே வைக்கிறோம் என்று அவன் தாய் காலில் விழுந்தாள். மணவாளன் குறுக்கே நின்றார். அன்று மழை பெய்தது. பந்தல் ஒழுகியது.

அதனால்தான் காரிலிருந்து ஸ்ரீகாந்தை இறக்கியபோது அவர் உரக்கச் சொன்னார்: "மூச்சு கீது. சீக்கிரம் உள்ள தூக்குங்க. பால் கொண்டாங்க."

ஐஸ் பெட்டி வந்தபோது சிக்கல் வந்தது. உடலை உள்ளே வைத்தார்கள். முழங்கால்கள் இரண்டும் மடங்கி மேலே நின்றன. கண்ணாடி மூடி முழங்காலில் இடித்தது.

பெட்டி கொண்டுவந்தவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். "இப்பதான் போச்சின்னீங்க. காலு இப்டி வெறச்சிக் கீதே?"

பக்கத்து வீட்டுத் தேவகி மூக்கைச் சிந்திவிட்டு அவனைப் பார்த்தாள். "நீ பொட்டி குடுக்க வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா? வாய மூடிக்கினு மூடியப் பாரு."

எல்லாரும் அந்த முழங்கால்களைப் பார்த்தார்கள், பிறகு மணவாளனைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்றார் அவர்.

வெந்நீரில் துணியை நனைத்து முழங்கால்களைச் சுற்றி வைத்தார். உள்ளங்கையால் அழுத்தினார். வலது கால் இறங்கியது. இடது கால் இறங்கவில்லை. அது வலது காலைவிடப் பெரிதாக, தோல் மினுமினுத்து, கெண்டைச் சதை கல்லாக இருந்தது. மகன் வீட்டுக்கு வந்தால் இரவெல்லாம் மருமகள் அந்தக் காலை உருவிவிடுவது அவருக்குத் தெரியும். கதவிடுக்கில் ஒருமுறை பார்த்துவிட்டு, இது என்ன வழக்கம் என்று முகம் சுளித்துப் போயிருக்கிறார். இப்போது இரண்டு கைகளையும் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. கால் படிந்தது.

அவர் நிமிர்ந்தபோது வாசலில் மருமகள் பரிமளா நின்றிருந்தாள். சிப்காட்டில் ஷூ தைக்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

கணவனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எப்ப மாமா போச்சி?"

"இப்பதாம்மா. மடியிலதான்."

"நேத்து சாயந்தரம் போன் பண்ணாரு. காலு மரத்துப் போச்சி, மாரு அடைக்கிற மாதிரி கீதுன்னாரு. எறங்கி நடயான்னேன். எறங்கினா வரிசைல எடம் பூடும்னாரு." பாதத்தை விடாமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் போச்சா?"

மணவாளன் அவளைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியை இறக்கினார். இப்போது அது மூடிக்கொண்டது.

வெயில் ஏறியபிறகு ஏழுமலை வந்தான். அவனும் அதே கம்பெனி டிரைவர். மாலை எதுவும் கொண்டுவரவில்லை. பெட்டியருகில் நின்று பார்த்துவிட்டு, மணவாளனைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டான். துணி துவைக்கிற கல்லருகில் பரிமளா ஸ்வேதாவின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"பெரிப்பா, அவன் ராவே பூட்டான். உங்களுக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அவன் வண்டிக்குப் பின்னால என் வண்டி. ராவெல்லாம் வரிச நகரல. காத்தால பேக்டரி கேட்டத் தொறந்தான், முன்னாடி வண்டிங்க போச்சி. இவன் வண்டி நிக்குது. பின்னால நாங்க அத்தினி பேரும் ஹாரன் அடிச்சோம். நானும் அடிச்சேன் பெரிப்பா. தூங்கறான்னு நெனச்சி, அசிங்கமா திட்டிக் கத்தினேன். ஏறிப் பாத்தா ஸ்டியரிங்க புடிச்சிக்கினு ஒக்காந்துனுகீறான்."

ஸ்வேதாவின் முகத்தில் நீர் ஊற்றிக்கொண்டிருந்த பரிமளாவின் கை நின்றது.

"பூனாலேர்ந்து ஒத்த ஆளா ஓட்டினு வந்தான்," என்றான் ஏழுமலை. "முன்ன வண்டிக்கு ரெண்டு டிரைவர். ஒருத்தன நிறுத்திட்டு, அவன் படிப் பணத்துல பாதிய ஒனக்குத் தரேன்னாரு ஓனர். ரெண்டு ட்ரிப்பு தந்தாரு, அதோட சரி. எங்கியாச்சும் வண்டி நின்னா ஆபீஸ்லேர்ந்து போனு, ஏண்டா நிக்கிறேன்னு. வந்து கேட்டாண்ட நின்னா நாள் கணக்கா நிக்க வேண்டியது. அதுக்குப் படியே கெடையாது. வண்டி ஓடினாத்தான் வேலையாம், நின்னா வேல இல்லியாம். அந்தக் காலோட எப்டி ஒக்காந்துனு இருந்தானோ."

"அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"போலீசுக்குச் சொல்லுங்க. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துனு போவட்டும். அறுத்துப் பாத்தா எப்ப பூட்டான், எதுனால பூட்டான்னு தெரிஞ்சிடும். வேலைல செத்தான்னு வந்தா ஓனர் ஈடு குடுத்துத்தான் ஆவணும். இந்தப் புள்ள படிக்கும். வூட்ல செத்தான்னா ஒன்னும் கெடையாது. அதுக்குத்தான் அந்த வினோத்து இங்க ஓடியாந்தான்."

"என் புள்ளைய வெட்டிக் கிழிச்சி, அப்புறம் தெருவுல கெடத்தச் சொல்றியா? இத்தினி நாள் காத்திருந்து பழி தீக்கிறியாடா?"



"என் தம்பி மழைல கெடந்தப்பவே நான் உங்கள ஒரு வார்த்த கேக்கல. இப்பவா கேக்கப் போறேன்? நான் சொன்னா என்னை வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க. பரவால்ல. ஆனா பெத்தவரு மடில பூட்டான்னு நீங்க சொல்லும்போது, டிரைவர் பேச்ச எவன் நம்புவான்? நீங்க ஒருவாட்டி சொல்லுங்க. மீதிய நான் சொல்றேன்."

மணவாளன் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். பரிமளா வழியில் நின்றாள்.

"மாமா, தெருவுல வெச்சா இன்னா? நான் தெருவுலயே ஒக்காந்துக்கறேன்."

"வழிய வுடும்மா. ஜனம் பாக்குது."

தலையாரி வேதாசலம் வந்தார். இறப்பைப் பதிந்து மேலே சொல்ல வேண்டியவர் அவர்தான். மணவாளனுக்குப் பல வருடப் பழக்கம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வருத்தத்தோடு கேட்டார்.

"மன்னிச்சிக்கணும், கேக்க வேண்டியது என் வேல. உயிர் எங்க போச்சிங்க?"

கூடத்தில் அழுகை தாழ்ந்தது. தூணில் சாய்ந்திருந்த வினோத் நிமிர்ந்து நின்றான். ஏழுமலை தெருவில், பந்தல் காலருகில் நின்றிருந்தான். பரிமளா பெட்டியின் தலைமாட்டிலிருந்து மாமனாரையே பார்த்தாள். தாத்தா என்ன சொல்லப்போகிறார் என்பது போல ஸ்வேதாவும் பார்த்தாள்.

மணவாளன் வாயைத் திறந்தார். வாசலில் நின்ற கூட்டத்தில் ஏழுமலையின் தாய் தெரிந்தாள். அவள் படியேறி உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே கழுத்தை நீட்டிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வூட்லதான்," என்றார் அவர். "இதோ, இந்தக் கூடத்துல."

வேதாசலம் தலையாட்டினார். ஏழுமலை செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். வினோத் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"எடுக்கிற செலவெல்லாம் ஓனர் பாத்துக்கறேன்னாருங்க ஐயா."

"என் புள்ளைய எடுக்க எனக்கு வக்கு கீது. நீ போ."

வினோத் இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுக் காருக்குப் போனான். கார் தெருமுனை திரும்பும்வரை மெதுவாகப் போனது. அப்புறம் வேகமெடுத்தது.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது தேவகி கேட்டாள். "உயிர் போன எடத்துல வெளக்கு வெக்கணுமே, மாமா. எங்க வெக்கறது?"

மணவாளன் கூடத்துச் சுவரோரத்தைக் காட்டினார். பரிமளா அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிடவே இல்லை.

கொள்ளி அவர்தான் வைத்தார். தீ நன்றாகப் பிடித்தபிறகு, அடுக்கியிருந்த கட்டைகளைத் தள்ளிக்கொண்டு இடது முழங்கால் மெல்ல மேலே எழுந்தது. சுடலை காக்கிறவன் கழியோடு வந்தான்.

"எல்லாப் பொணமும் இப்டித்தாங்க. நரம்பு இழுக்கும். நீங்க திரும்பிப் பாக்காம போங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார். தெருவுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. பந்தலைப் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். ஜனம் வீட்டு வாசல்களில் நின்றிருந்தது.

கூடத்தில் விளக்கு இல்லை.

காலையில் வெள்ளைக் கார் நின்ற இடத்தில், தெருவின் நடுவில், சாணி மெழுகி அகல் விளக்கு ஏற்றியிருந்தது. காற்றுக்கு மறைப்பாக ஒரு எண்ணெய் டின்னை வெட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீர். விளக்குக்கு இந்தப் பக்கம் பரிமளாவும் அந்தப் பக்கம் ஸ்வேதாவும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட வந்தவர்கள் பின்தங்கினார்கள். மணவாளன் விளக்குவரை வந்து நின்றார். வீட்டு வாசல் திறந்திருந்தது. பரிமளா தலை தூக்கவில்லை.

பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. நெல் மூட்டைகளோடு வாலாஜாபாத் மில்லுக்குப் போகிற வண்டி. வழி இல்லை. ஓட்டிவந்தவன் ஹாரன் அடித்தான்.

யாரும் எழவில்லை.

மறுபடி அடித்தான். வாசல்களில் நின்றவர்கள் மணவாளனைப் பார்த்தார்கள். அவர் கைகளைத் தொங்கவிட்டபடி விளக்கின் முன்னால் நின்றிருந்தார். ஹாரன் இன்னும் நீளமாக அடித்தது. அவர் நகரவில்லை.