தேயில் கரைத்த மாத்திரை

சித்திக்குக்கு வறட்டு இருமல் பிடித்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே டாக்டராகிவிட்டார்கள். பாரோய் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் இருக்கிற அவருடைய சாப்பாட்டுக்கடை அது. ரொட்டி சானாய் கேட்பதற்கு முன்பே வைத்தியம் சொன்னார்கள்.

தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி இன்னும் ஒருபடி மேலே போனார். கைப்பேசிக்கு வந்த குரல்பதிவு ஒன்றைக் கடை முழுக்கக் கேட்கும்படி வைத்தார். பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று ஊர் பேர் தெரியாத எவனோ அதில் அடித்துப் பேசினான்.

"கேட்டீங்களா பாய்? இருமலே அந்த மருந்தாலதான்லா. நிறுத்திப் பாருங்க."

சித்திக் எல்லார் முன்னாலும் தான் தினமும் சாப்பிடும் பிரஷர் மாத்திரைப் பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் வீசினார். "இன்னையோட சரி," என்றார். வீராப்புக்கு அந்த மனுஷரிடம் குறைச்சலே கிடையாது.

அவர் மனைவி ஷஹீதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷர் ஏறி மாமனார் பக்கவாதத்தில் வாய் கோணிக் கிடந்ததைப் பார்த்தவள் அவள். கூட்டம் கலைந்ததும் பொட்டலத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து காலையில் ஒரு மாத்திரையைப் பொடித்து அவர் 'தே' என்று சொல்கிற தேநீரில் கலக்கினாள். கெட்டிப்பால் கசப்பை மறைத்துவிட்டது.

ஆனால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் இருமினால், நாமே இருமவைக்கிறோமே என்று நெஞ்சு குத்தியது. இருமாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லையோ என்று பயம். துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நுரை வர ஆற்றித் தே இழுக்கக் கையை உயர்த்திய சித்திக் அப்படியே சரிந்தார். நல்லசாமிதான் தன் காரில் ஏற்றி லோபாக்கில் இருக்கிற கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் ஹேமா புருவத்தைச் சுருக்கினாள். "பிரஷர் ரொம்ப இறங்கிப் போயிருக்கு. நான் கொடுத்த மருந்து எடுக்குறீங்களா?"

"நிறுத்தியாச்சு டாக்டர். இருமல் தாங்கல."

"அந்த மருந்து சிலருக்கு இருமல் கொடுக்கும், உண்மைதான். வந்து சொல்லியிருந்தா வேற மாத்திக் கொடுத்திருப்பேன். ஆனா நிறுத்தியும் இருமல் போகலன்னா, பிரஷரும் இப்படின்னா, வேற ஏதோ பெருசா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுறேன்."

ஷஹீதா இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். சொன்னால் இனி தன் கையால் கொடுக்கும் எதையும் அவர் நம்பிக் குடிப்பாரா? சொல்லாவிட்டால் இல்லாத நோயை அல்லவா தேடுவார்கள்!

"மருந்து நிக்கல டாக்டர்," என்றாள். "நான்தான் தினமும் தேயில கலந்து கொடுத்தேன்."

சித்திக் திடுக்கிட்டுத் திரும்பினார். டாக்டர் தலையை ஆட்டினாள். "எப்பவும் சாப்பிடுற அதே ஒரு மாத்திரைக்கு இப்படி இறங்காதே."

சித்திக் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அலமாரில பழசு மிச்சம் இருந்துச்சு. எங்க அத்தா மாதிரி பக்கவாதத்துல விழுந்துருவேனோன்னு பயம். நானும் தினம் ஒளிச்சு முழுங்கிக்கிட்டுதான் இருக்கேன்."

"என்கிட்ட சொல்லக்கூடாதா மச்சான்?"

"நீ கேட்டியா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா?"

ஷஹீதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாளும் அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறாள்.