ஹசிந்தோ வீட்டு மேசையின் நீளம்

எங்கள் தெருவில் ஹசிந்தோ பர்ரகான் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மழை பெய்தபோது மறுமுனையில் வெயில் அடித்தது. இந்தக் கோடியில் உட்கார்ந்து ஒருவர் தும்மினால், அந்தக் கோடியில் இருப்பவர் "நல்லா இருங்க" என்று வாழ்த்துவதற்குள் தும்மியவருக்கு ஜலதோஷமே குணமாகியிருக்கும். சமையலறைப் பக்கத்திலிருந்து கைமாற்றி விட்ட சல்சாக் கிண்ணம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது அதிலிருந்த தக்காளி விதைகள் முளைத்து இலை விட்டிருந்ததைப் பார்க்காத ஆள் லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியிலேயே கிடையாது. ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் ஹசிந்தோவேதான். பாதி ஊருக்குத் தரை ஓடு பதித்தவர், கண்ணால் பார்த்தே கால் அங்குலக் கோணலைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், "என் மேசை ஆறடி, கடைக்காரன் ஆறடின்னுதான் வித்தான்" என்று கடைசிவரை சாதித்தார்.

மேசை ஆரம்பத்தில் ஆறடிதான், அதில் பொய்யில்லை. தொண்ணூற்றிரண்டாம் வருடம் மூத்த மகன் ரமீரோ சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வீடு திரும்பினான். கோட்டுக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று பஸ்காரருக்கே சந்தேகம் வந்து, கோட்டுக்கு மட்டும் டிக்கெட் போட்டிருந்தார். அவனுக்கு என்ன நோய் என்று வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். எங்கள் மெக்சிகோ ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மகன் ஆண்களை விரும்புகிறவன் என்று தெரிந்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவனோடு வருகிறவனுக்கும் ஒரு தட்டு வைப்பார்கள், "கூட்டாளி" என்பார்கள், இன்னும் கொஞ்சம் கறி போடுவார்கள், அதோடு சரி. பாசத்தில் குறை இருக்காது, பேச்சுதான் இருக்காது. நோய் வந்தபோதும் அதே வழக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். தாயார் ஒப்துலியா மகனுக்கென்று நீலப்பூப் போட்ட தட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ப்ளீச்சில் ஊறப்போட்டாள். முதலில் பூக்கள் வெளுத்தன, பிறகு தட்டு வெளுத்தது, பிறகு தட்டே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கடைசி வாரங்களில் ரமீரோ வெறும் காற்றின் மேல் வைத்த பீன்ஸைத்தான் சாப்பிட்டான். ஹசிந்தோ அவனோடு ஒரு வேளைகூட உட்காரவில்லை. பசியில்லை என்பார். மகன் எழுந்து போனதும் பசி வந்துவிடும்.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டபோது யாரோ ஒரு உறவுக்காரர் வாயில் ரொட்டியோடு கேட்டார், பையனுக்கு என்னதான் ஆச்சு என்று. "நிமோனியா" என்றார் ஹசிந்தோ. விரலில் சொடக்கு எடுப்பது போல ஒரு சத்தம் வந்தது. மேசை ஒரு சாண் நீண்டது. உப்புக்குக் கை நீட்டிய ஒப்துலியாவுக்கு உப்பு எட்டவில்லை. அதற்குப் பிறகு யார் துக்கம் விசாரித்து வந்தாலும் நிமோனியா, மேசை ஒரு சாண். எங்கள் தெரு மனிதர்கள் நல்லவர்கள், விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். வருடம் திரும்புவதற்குள் மேசை சுவரை இடித்தது. காற்று வரட்டும் என்று சொல்லி ஹசிந்தோ சுவரை உடைத்தார். அது எலுமிச்சை மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்முற்றத்தைத் தாண்டியது, பின்னாலிருந்த குறுக்குச் சந்தையும் தாண்டியது, சலவைக்கடையின் முன்கதவில் புகுந்து பின்கதவில் வெளியேறியது. மாநகராட்சியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் காலையில் ஒரு முனையிலிருந்து அளக்கக் கிளம்பி, பென்ஷன் வயதில் மறுமுனையில் இறங்கியதாகச் சொல்வார்கள். ஹசிந்தோ அதன் மேல் தகரக் கூரை போட்டுக்கொண்டே போனார். "எதுக்குங்க இவ்வளவு தகரம்?" என்று கேட்டால், "மேசை நனையக் கூடாதுல்ல? ஆறடி மேசை!" என்பார்.

அண்ணன் சாகும்போது இளைய மகன் ததேயோ சின்னப் பையன். அவன் நாற்காலி மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. மேசை நீள நீள அவனும் தள்ளித் தள்ளிப் போய், மீசை முளைத்த காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு அங்கேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவது என்ற குடும்ப வழக்கம் மட்டும் தப்பவில்லை. அவரவர் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை வெளியே கிளம்பும்போது தாய் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும் அல்லவா? ஒப்துலியாவுக்கு நெற்றி எட்டாது, காற்றில் போட்டு அனுப்புவாள். ஞாயிறு போட்ட சிலுவை செவ்வாய்க்கிழமை அவன் நெற்றியில் வந்து விழும். அந்த இடைவெளியில் அவன் எங்கே போனான், யாரோடு போனான் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாது. கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை.

ஒரு ஞாயிறு அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் தெரிந்தான். ஃபாபியன் என்று பெயர், கூட்டாளி என்று ததேயோ போனில் சொன்னான். ஒப்துலியா நெற்றிக்கு மேல் கையை வைத்து உற்றுப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை, ஆனால் சட்டை உடம்பில் தொங்கிய விதம் தெரிந்தது. அப்படித் தொங்கிய ஒரு கோட்டை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வடித்த வியர்வையில் மேசைவிரிப்பை இரண்டு முறை பிழிய வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே அடித்தளத்தில் கிரிசெல்டா என்ற பெண், இப்படிப்பட்ட மகன்களின் தாய்தகப்பன்களைக் கூட்டிவைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பென்றால், சுரைக்காய்க்கு ஆணுறை மாட்டிப் பழகுவது. வயதான அம்மாமார்கள் ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மாட்டினார்கள். "என் வீட்டுக்காரருது இந்தச் சைஸ்ல இருந்திருந்தா நான் எதுக்குடி தினமும் சர்ச்சுக்குப் போறேன்?" என்று ஒருத்தி சொல்ல, அடித்தளத்தில் எழுந்த சிரிப்பில் மேல்மாடியில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அழுத்தம் இறங்கியது. வகுப்பு முடிந்ததும் சுரைக்காய்களைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமைத்தார்கள், வீணாக்குவானேன்? அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கிரிசெல்டா போகிற போக்கில் சொன்னாள், இந்த நோய் தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, கட்டிப்பிடித்தால் வராது என்று. ஒப்துலியா கையில் இருந்த சுரைக்காயை மடியில் வைத்தாள்.

"அப்ப அந்தத் தட்டு?" என்று கேட்டாள்.

"எந்தத் தட்டும்மா?"

"ப்ளீச்சு... அவன் சாப்பிட்ட தட்டு."

"தட்டுனால வராதும்மா. எப்பவுமே வந்ததில்ல."

அதற்குப் பிறகு அந்த அடித்தளத்தில் யாரும் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒப்துலியா நல்ல ஷூ போட்டுக்கொண்டு, ஒரு பானை பீன்ஸை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேசையோரமாக நடக்க ஆரம்பித்தாள். "ஆறடி போறதுக்கு எதுக்குடி ஷூ, கிழவி?" என்றார் ஹசிந்தோ. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் இலையுதிர் காலம் வந்தது, பானையில் பீன்ஸ் ஆறியது. போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கியபடியே மகனிடம் சொன்னாள்: "உங்கண்ணன் எய்ட்ஸ்லதான்டா செத்தான்." அவளுடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் முறை. "தெரியும்மா. அப்பாவத் தவிர எல்லாருக்கும் தெரியும்" என்றான் ததேயோ. ஃபாபியனுக்கும் அதேதான் என்றான். நீ பரிசோதனை எடுத்தாயா என்றாள். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன் என்றான். "இருக்குன்னு தெரிஞ்சா என்னை எங்க உக்கார வைப்பாருன்னு அப்பாகிட்ட கேட்டுட்டு வா. அப்புறம் எடுக்கறேன்."

அவள் போன் போட்டாள். கணவனும் மனைவியும் ஒரே மேசையில் இருந்துகொண்டு போனில் போட்ட அந்தச் சண்டையைத் தெருவே கேட்டது.

"கிழவா, நீ தள்ளி வெச்சுருவேன்னு பயந்து பையன் ரத்தம் குடுக்க மாட்டேங்கறான்."

"தட்டத் தள்ளி வெச்சது யாரு? நீதானே?"

"ஆமா, நான்தான் வெச்சேன். நாசமாப் போறவ, நான்தான் வெச்சேன். நீ பக்கத்துலயே உக்காரலியே! இப்பவாவது எந்திரிச்சு வா."

"இருக்கறதே ஆறடி. எங்கடி எந்திரிச்சு வர்றது?"

தூரம் இருப்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர் அதைக் கடப்பது எப்படி? அவர் எழுந்திருக்கவில்லை, ஒப்துலியா தனியே திரும்பி வந்தாள். மழைக்காலத்தில் ஃபாபியன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். மருந்து இருந்தது, அவன்தான் யாரிடமும் சொல்லாமல் காலம் கடத்திவிட்டான். அவன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ததேயோ ஒருவனே சவப்பெட்டியின் நான்கு மூலையையும் தூக்கினான். அதற்குப் பிறகு அவன் மேசைக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அறைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒப்துலியா அனுப்பிய சிலுவைகள் விழ நெற்றி இல்லாமல் காலி நாற்காலிக்கு மேல் கொசு போல மொய்த்தன.

இப்போது மேசை ஹசிந்தோவின் பக்கமும் நீள ஆரம்பித்தது. ஒரு மதியம் அவர் சாப்பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே மனைவி கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வந்து சேரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். "சிகரெட் வாங்கிட்டு வர்றேன்" என்றார் யாரிடமோ. அவருக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது.

மேசையோரமாக நடந்து ரமீரோவின் நாற்காலியைத் தாண்டும்போது அவர் முழங்கையில் ஏதோ இடித்து, பீங்கான் சத்தம் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அங்கே நின்றார். நின்று என்ன செய்தார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சொல்ல மாட்டோம். அவர் மறுபடி நடந்தபோது மீசை முழுக்க நரைத்திருந்தது.

அந்திப் பொழுதில் அறைக்கதவைத் தட்டினார். ததேயோ கையில் சூப்புக் கிண்ணத்தோடு திறந்தான். தகப்பனார் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, அவனுடைய கரண்டியாலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

"அது என் எச்சில்ப்பா."

"தெரியும்."

"ஃபாபியன் சாப்பிட்ட கரண்டி அது."

கரண்டி வாய்க்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போனது. "உப்பே இல்லடா. எப்படித்தான் சாப்பிடறியோ" என்றார். கிண்ணத்தை வழித்துக் காலி செய்தபின், "காலைல போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார்.

"எத?"

"அதத்தான்" என்றார் ஹசிந்தோ. சொல் இன்னும் வரவில்லை.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அது சொட்டுவதற்கு ஆன நேரத்தில் சுகாதார நிலையத்தின் சுவர்க்கடிகாரம் துருப்பிடித்தது. ததேயோவுக்கு ஒன்றும் இல்லை, இருமல் வெறும் இருமல்தான். இனியும் வராமலிருக்கத் தினமும் போடச்சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறான். மேசை அப்புறம் ஒரு விரற்கடைகூடச் சுருங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் எலுமிச்சை மரத்துப் பக்கம் ஒரே மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மிச்ச மேசையில் தெரு துணி மடிக்கிறது, சீட்டு ஆடுகிறது. மற்ற நாட்களில் ஹசிந்தோ காலையில் எழுந்ததும், "மாத்திரை போட்டியாடா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். பஸ் டிரைவரும் கூடச் சேர்ந்து கத்துகிறார். ஆனால் ரத்தம் எடுத்த அன்று காலையில் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

கிரிசெல்டா மாத்திரை டப்பாவை ததேயோவிடம் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதைப் போலவே கேட்டாள்: "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாருக்காவது இது இருந்துச்சா?"

தகப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "நி..." என்று இழுத்தார் ஹசிந்தோ. எந்தச் சொல் வரப்போகிறது என்பது ததேயோவுக்குத் தெரியும், அதைக் கேட்டுத்தான் அவன் வளர்ந்தான். விரலில் சொடக்கு எடுப்பது போல ஒரு சத்தம் வந்தது. பெஞ்சு நீண்டது. மகனின் தோள் அவருடைய தோளை விட்டு ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி ஒரு சத்தம், இன்னொரு சாண். ஹசிந்தோ குனிந்து பலகையைப் பார்த்தார், கால் அங்குலம் தப்பாத அந்தக் கண்ணால் பார்த்தார். பிறகு பாய்ந்து மகனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருந்துச்சு" என்றார். "என் பெரிய பையனுக்கு. எய்ட்ஸு. அதுலதான் போனான். ரமீரோன்னு பேரு."

பெஞ்சு நின்றது. கிரிசெல்டா தலையைக் குனிந்துகொண்டாள். ததேயோ சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அப்ப மேசை?" என்று மட்டும் கேட்டான்.

"நீண்டுச்சுடா" என்றார் ஹசிந்தோ. "ஒவ்வொரு தடவையும் நீண்டுச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."