வீங்கியிருந்த கை

என் அக்காவுக்கு அறுபத்து நான்கு வயதில் காதல் வந்தது. வரட்டும், அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால் வந்தது ஒரு கப்பல் இன்ஜினியர் மேல். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. அந்த இன்ஜினியர் எந்த வீடியோ காலிலும் முகம் காட்டுவதில்லை. கேட்டால் நடுக்கடலில் சிக்னல் கிடைக்காதாம். தினமும் காலையில் ‘சாப்பிட்டாயா கண்ணே’ என்று அனுப்புவதற்கும், மாலையில் பணம் கேட்பதற்கும் மட்டும் அந்தச் சிக்னல் அருமையாகக் கிடைத்தது.

அக்கா விவரம் கெட்டவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டைக் கட்டி ஆண்ட நர்ஸ் அவள். நோயாளி நடிக்கிறானா இல்லையா என்று வாசலில் வைத்தே சொல்லிவிடுவாள். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தது, தம்பியைப் படிக்க வைத்தது, கட்டியவன் கைவிட்ட என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டது எல்லாம் அவள்தான். இந்த ஓட்டத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அவள் ஓய்வு பெற்ற பிறகு நான் காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் அவளும் அந்தக் கைப்பேசியும்தான்.

விஷயம் எனக்குத் தெரியவந்தபோது அவள் சேமிப்பில் பாதிக்கு மேல் போயிருந்தது. அது போதாதென்று, நாங்கள் இருக்கிற இரண்டாம் மாடி வீட்டையே அடகு வைக்க ஏற்பாடு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை கையெழுத்து. கப்பலில் ஏதோ குழாய் வெடித்துவிட்டதாம், அவன் ஏதோ ஊர் பேர் தெரியாத ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். நான் கத்தினேன். கைப்பேசியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். அவள் தேடி எடுத்துக்கொண்டாள், அதோடு என்னிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள்.

தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊராருக்கெல்லாம் ஆபத்தைப் பற்றிப் பாடம் எடுப்பவன், அவனாவது பேசிப் பார்க்கட்டும் என்று சொன்னேன். அந்தப் புண்ணியவான் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கப்பல் படமும் ஒரு இதயமும் போட்டு, ‘பெரியக்காவுக்கு மாப்பிள்ளை ரெடி’ என்று எழுதினான். சித்தி மகள் முதல் மாமா பேரன் வரை வரிசையாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன்.

“சிரிச்சுட்ட இல்ல? இனிமே அவ நம்மகிட்ட வாயைத் தொறப்பாளா? அவகிட்ட சிரிக்காம பேசுறவன் இப்ப ஒருத்தன்தான்டா இருக்கான். அந்தத் திருடன்!”

அவன் விளையாட்டுக்குச் செய்தேன் என்றான். அவன் விளையாட்டில் இடி விழ.

வியாழக்கிழமை காலை அக்கா தானாகவே என்னிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள். அவன் அனுப்பிய படம். வெள்ளைப் போர்வை, அதன்மேல் ட்ரிப்ஸ் ஊசி குத்திய ஒரு கை. முகம் இல்லை. அக்கா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“இதைப் பாரு. மருந்து நரம்புக்குள்ள போகல, வெளிய கசியுது. பொறங்கை எப்படி வீங்கியிருக்கு பாரு. பிளாஸ்திரியும் தப்பா ஒட்டியிருக்காங்க.”

அப்பாடா, பழைய நர்ஸ் விழித்துக்கொண்டாள், இனி அவளே பிடித்துவிடுவாள் என்று நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சை அவள் அடுத்த பேச்சிலேயே நிறுத்தினாள். “இந்த ஆஸ்பத்திரியில விட்டா அவரைக் கொன்னுடுவாங்க. நல்ல எடத்துக்கு மாத்தணும். நாளைக்குக் கையெழுத்துப் போட்டதும் முழுப் பணத்தையும் அனுப்பிடறேன்.”

உலகத்தில் வேறு எவளாக இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றிருப்பாள், அவ்வளவுதான். இவள் நர்ஸ் என்பதால் அனுப்பும் தொகையைக் கூட்டிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. அவள் மனம் புண்படட்டும் என்றே சொன்னேன்.

“அவ்வளவு மோசமான ஆஸ்பத்திரின்னா நீயே போய்ப் பாரேன். நீ நர்ஸ்தானே?”

அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். பிறகு பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கினாள். பிரஷர் பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், இரண்டு பருத்திப் புடவை, வார்டில் போட்ட அந்தப் பழைய ரப்பர் செருப்பு. ஓய்வு பெற்ற பிறகு அவள் இவ்வளவு சுறுசுறுப்பாக நடந்து நான் பார்க்கவில்லை. ‘நான் கிளம்பி வருகிறேன், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு’ என்று அவனுக்கு எழுதினாள். வாயை அடக்கத் தெரியாத என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

பதில் உடனே வந்தது. வர வேண்டாமாம். இந்தக் கோலத்தில் தன்னை அவள் பார்க்கக் கூடாதாம். டிக்கெட் பணத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டால் போதுமாம்.

அவள் மறுபடியும் வார்டு எது என்று கேட்டாள். தன் மேல் நம்பிக்கை இல்லையா என்று அவன் கோபித்துக்கொண்டான். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்து வைத்த புடவையை மறுபடி மறுபடி நீவிவிட்டாள்.

“இத்தனை வருஷத்துல ஒரு நோயாளிகூட என்னை வராதேன்னு சொன்னதில்லடி,” என்றாள். “வலியில கெடக்குறவன் வராதேன்னு சொல்ல மாட்டான்.”

அதற்குப் பிறகு அவள் அழுதது பெரிய அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுது முடித்ததும் முகம் கழுவி வந்து, அடகுக்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். எனக்கு அதுவே போதும். அவள் புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். போலீசுக்கெல்லாம் வேண்டாம், அங்கேயும் சிரிப்பார்கள் என்று நான்தான் தடுத்தேன். அவள் அந்த ரப்பர் செருப்பையே மாட்டிக்கொண்டு படியிறங்கினாள், நானும் பின்னாலேயே போனேன்.

நான் சொன்னது போலத்தான் ஆயிற்று. கணினிக்கு முன்னால் இருந்த போலீஸ்காரர் முழுதும் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் இதெல்லாம் தேவையா என்று வேறு கேட்டார். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

“நான் ஏமாந்ததுக்கு அப்புறமா சிரிச்சுக்கலாம் தம்பி. மொதல்ல இந்தக் கையைப் பாருங்க,” என்றாள். வார்டில் பேசுகிற குரல். “அவன் பேரு பொய், கப்பல் பொய். இந்தக் கை பொய் இல்ல. மருந்து கசிஞ்சு, கை எரிய எரிய யாரோ ஒருத்தர் கெடந்திருக்காரு. பக்கத்துல நின்னவன் நர்ஸைக் கூப்பிடல, படம் புடிச்சிருக்கான். அதைக் காட்டி இவன் காசு கேக்குறான். எழுதுங்க.”

போலீஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, படத்தில் இருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தெரியாது,” என்றாள் அக்கா. “ஆனா காலையில நான் பெட்டியை எறக்குனது அவருக்குத்தான்.”