பார்க்காதபோது நடப்பவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் ஷூவிலிருந்து பிறந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் நடைப்பயிற்சிக்கென்று வாங்கினேன். கடைக்காரர் உள்ளே திணித்த காகித உருண்டை இன்னும் அப்படியே இருக்கிறது. நடக்கத்தான் துப்பில்லை, நடக்கிறவளைப் பற்றியாவது எழுதலாமே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான், கவனியுங்கள்.

2

முதல் தொடக்கம்: அந்தி வானம் சிவந்திருந்த ஒரு மாலையில் அவள் பேருந்திலிருந்து

(வேண்டாம். வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

சரி, இப்படி. அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊரார் சர்க்கரையையெல்லாம் அளந்து சொல்கிறவள், நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் தன் ரத்தத்தையும் மெஷினில் வைத்துப் பார்த்தாள். எண் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அவளுடைய அம்மாவின் இரண்டு கால்விரல்களைக் கொண்டுபோனதும் இதே சர்க்கரைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது, அதற்குள் எப்படியாவது இறக்கிவிடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தாள். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வேலைக்குப் போடும் அதே தட்டைச் செருப்போடு. அந்த அரை மணி நேரம் அவள் யாருக்கும் அம்மா இல்லை, பெண்டாட்டி இல்லை, "மேடம், ரிப்போர்ட் வந்துடுச்சா?" இல்லை. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பதினோரு நாள்* நடந்தாள்.

(* முதலில் ஐந்து நாள் என்றுதான் எழுதினேன். பொறாமை. பிறகு மனசு கேட்காமல் திருத்தினேன்.)

3

பன்னிரண்டாம் நாள் அவள் புருஷன் பார்த்துவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு வந்தவர், பக்கத்தில் நிறுத்தினார்.

"என்னம்மா, பஸ் பாதியில நின்னுடுச்சா? ஏறு, ஏறு."

"இல்லைங்க. சும்மா... நடக்கிறேன்."

"நடக்கிறியா! அடேங்கப்பா! தினமுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு!"

மனுஷருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடு வரைக்கும் அவள் பக்கத்திலேயே, எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டவிட்டு, வேனை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் அவளுடைய அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கட்டைவிரல்களும் கைத்தட்டல்களும் வந்து குவிந்தன.

மறுநாள் அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினாள். அதற்கு மறுநாளும்.

4

ஏன்? இந்த இடத்தில் நாலு நாள் மாட்டிக்கொண்டேன். சோம்பேறி என்று எழுதிப் பார்த்தேன்; பொய். நேரமில்லை என்றும் எழுத முடியாது, அதே பஸ், அதே நேரம். நம் மனசு இருக்கிறதே, பாராட்டு வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று காலை நீட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒருநாள் தவறினால் "என்ன, இன்னிக்கு நடக்கலையா?" என்று கேட்க இப்போது ஆளிருக்கிறது. தனக்கென்று வைத்திருந்த ஒரே அரை மணி நேரம் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

எனக்கு இது தெரியும். இப்படி ஒரு கதை எழுதப்போகிறேன் என்று நண்பனிடம் பீற்றிக்கொண்ட அன்றே எழுதுவதும் நின்றுபோயிற்று.

5

முடிவு ஒன்று: புருஷன் மன்னிப்புக் கேட்கிறார்.

(எதற்கு? சந்தோஷப்பட்டதற்கா? பாவம்.)

முடிவு இரண்டு: மூன்றாம் மாதச் சோதனையில் அவளுடைய எண்

(எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.)

முடிவு மூன்று. மாலை. இரண்டு நிறுத்தம் முன்னால் பஸ் நிற்கிறது. அவள் எழுந்து, படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள். சோதனைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வேனை வேறு பாதையில் திருப்பிவிட்டேன். அக்காவின் போனில் சார்ஜ் இல்லாமல் செய்துவிட்டேன். தெருவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இதற்கு மேல் நான் என்னதான் செய்ய?

அவள் இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்க்கிறாள். யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதுபோல் தோன்றுகிறதாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன், டிரைவர் கதவை மூடுவதற்குள்.